சவுந்தரத்தின் இருமல்

பினாங்கு,
4 ஜூன் 1934

ஹென்றிக்கு,

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன். இரண்டு வருஷம்.

தங்கை ரோசலினின் கடிதம் கிடைத்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். பதினேழாம் தேதி ஞானஸ்நானம், தாய்மாமன் நான்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குப் பதில் எழுதுமுன் அவள் புருஷனான உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

என் மனைவி சவுந்தரத்தை அடக்கம் செய்த அன்று நான் அழவில்லை. நீ ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் டிரஸ்ஸர் அல்லவா, கோவில் வாசலில் நின்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னாய்: “துக்கம், கண்ணீர் எல்லாம் சுரப்பி செய்யற வேலை. மச்சானுக்குச் சுரப்பி மந்தம். அவருக்கு வலிக்காது.” ஜவுளிக்கடை சிக்கந்தர் காது கொடுத்துக் கேட்டார். மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வலிக்காதவனுக்கு ஆறுதல் சொல்ல யார் வருவார்கள்? அடுத்த வீட்டு நல்லம்மாள் அனுப்பிவந்த கஞ்சிகூட நாலாம் நாள் நின்றுபோயிற்று.

வலிக்காத ஒருவனிடம் உன் பிள்ளையை எப்படி ஒப்படைப்பாய்? சொல்.

இப்படிக்கு,
அ. ரேமண்ட்,
பள்ளியின் முதலாம் உதவியாசிரியர்


புக்கிட் மெர்தாஜாம்,
7 ஜூன் 1934

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்தை ரோசலின்தான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என் முன்னால் வைத்து, “வெளக்கம் சொல்றவரே, இப்பச் சொல்லுங்க பாப்போம்” என்றாள். அன்று காலை எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

உன்னைத் தாழ்த்துவதற்காக அப்படிச் சொல்லவில்லை, மச்சான். வாசலில் நாலு பேர் ‘கல்நெஞ்சுக்காரன்’ என்று முணுமுணுத்தார்கள். உன்னைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

சுரப்பி பொய் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரியில் சாதாரணக் காய்ச்சல்காரனிடம்கூட ‘என்ன செய்கிறது’ என்று கேட்ட பிறகுதான் மருந்து கலக்குவேன். உன்னிடம் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். ஏன் அழவில்லை?

எப்போதும் உன்,
ஹென்றி

எனக்கு எழுதுகிற கடிதத்தில் உத்தியோகம் எதற்கு? வகுப்பில் பெஞ்சுக்கடியில் நீ நீட்டிய சீட்டுகளில் பெயரா போட்டாய்?


பினாங்கு,
11 ஜூன் 1934

அன்பு ஹென்றி,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

கடைசி ஐந்து மாதம் சவுந்தரம் நெஞ்சு நோயோடு படுத்திருந்தாள். நான் அழுதால் மூக்கு விடைத்து, உதடு நீண்டு, வாத்து மாதிரி ஆகிவிடுவேனாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் இருமல். இருமினால் ரத்தம். “அழுவாதீங்க லா, சிரிச்சே செத்துருவேன்” என்பாள். அதனால் பழகினேன். நாக்கைக் கடித்துக்கொள்வேன், கூரை ஓடுகளை எண்ணுவேன். ஒரு பக்கத்துக்கு முப்பத்தொரு வரிசை.

அடக்கத்தன்று பெட்டி அருகிலும் முகம் அப்படியே நின்றது. இனி அவள் இருமமாட்டாள் என்கிற செய்தி என் முகத்துக்கு வந்து சேரவில்லை.

சுரப்பி இருக்கட்டும். அது மந்தமாகவே இருக்கட்டும். யாருக்காக அடங்கிக் கிடந்தது என்று உன் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

நீ கேட்ட அந்த ஒரு வரியைப் படித்ததும் அழுதுவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். வாத்துதான். அவள் சொன்னதில் தப்பில்லை.

இதனால் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. 1908இல் என் பரிசுப் புத்தகத்தில் நீ மை கொட்டியது தனி வழக்கு.

ஞாயிறு காலை முதல் படகில் கடலைக் கடந்து, பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறி வருகிறேன். என் காப்பியில் பாதியை உனக்குத் தரச்சொல்லி ரோசலினிடம் கேட்கிறேன். பிள்ளைக்கு மாமன் முகம் என்று எழுதியிருந்தாள். அழும்போது கவனித்துப் பார்.

கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டேன். என் பெயர் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை கோவில் ஏட்டில், ஞானத்தகப்பன் என்ற இடத்தில் எழுதுகிறேன். இந்தத் தாளைப் பெயரில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.