வெளுத்த காய்க்கு எழுதிய சீட்டு

செவ்வாய்
காலையில் சாரல். குரங்கணியிலிருந்து ஜீப்பில் போடி. தொழில் தொடங்கும் பயிற்சி, ஒன்பதாம் நாள். எஸ்டேட்டில் வேலை போனவர்கள், கணவனை இழந்தவர்கள், என்னைப் போல் வயதானவர்கள்.
எங்கள் குழு மூன்று பேர். ஊன்றுகோல் பேச்சி, வாய் பேசாத ராசாத்தி, நான். சரக்கு ஏலக்காய், சின்னப் பாக்கெட். வெள்ளிக்கிழமை சோதனை. தேறினால் ஜீப்பு நிற்கும் இடத்தில் கடை. பேச்சிக்கு மலையில் ஒருவரும் வேலை தருவதில்லை. இதை விட்டால் வேறு இல்லை.
பாக்கெட்டில் ஒட்டும் சீட்டு எழுதும் சோலி எனக்கு. போன ஆடியில்தான் எழுத்துப் படித்தேன். 'ஏ' அழகாக வருகிறது.

புதன்
உலர்த்தும் அறை இல்லாததால் வெயிலில் காயப் போட்டோம். காய் வெளுத்துவிட்டது. பேச்சி பையில் பச்சைச் சாயப்பொடி.
"எல்லாரும் போடுறதுதான், அப்பு. ஒரு சிட்டிகை."
பொடியை அவள் பைக்குள்ளேயே தள்ளினேன். ராசாத்தி முகர்ந்து பார்த்து மூக்கைப் பொத்தினாள்.
வாங்க வேண்டியது: பசை, மூக்குப்பொடி.

வியாழன்
பாக்கெட்டில் உள்ளதை அப்படியே எழுதச் சொன்னார் பயிற்சி டீச்சர். எழுதினேன். நாற்பது சீட்டு, ஒரு பகல். 'வெயிலில் காய்ந்தது. அதனால் வெளிர். சாயம் இல்லை.' எழுத எழுத, நிறுத்த மனம் வரவில்லை. ராசாத்தி பாக்கெட்டை மூடி ஒட்டினாள். என் மீசையிலும் ஒரு சீட்டு. சிரித்தாள்.
மாலையில் பேச்சி வந்து படித்தாள். முகம் கறுத்தது.
"நம்ம சரக்க நாமளே குத்தம் சொல்லுவாகளா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே, அப்பு."
பிரித்து மாற்ற நேரமில்லை. எழுதியது தப்பா?

வெள்ளி
மூட்டம். சோதிக்க வந்தவர் ஏலக்காய் வியாபாரி. மற்றவர்கள் மேசையில் ஊறுகாய், கூடை, மெழுகுவத்தி. எங்கள் காய் வைக்கோல் நிறம். சீட்டை இரண்டு தடவை படித்தார். சாயம் இல்லைதானே என்று கேட்டார். தலையாட்டினேன். தம்ளரில் தண்ணீர் கேட்டு, ஐந்து காயைப் போட்டார்.
பேச்சி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. வெகுநேரம்.
பச்சை இறங்கவில்லை; தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஒரு காயை உடைத்து மென்றார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார். முடிவு திங்கள்.

திங்கள்
நல்ல வெயில். கடை எங்களுக்கு.
ராசாத்தி என் மீசையைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறாள். பேச்சி அந்தச் சாயப்பொடியை ஓடையில் கொட்டிவிட்டு வந்து, ஒரு கட்டுத் தாளை என் மடியில் போட்டாள்.
"இன்னும் நூறு சீட்டு வேணும், அப்பு. அதே மாதிரி. ஒரு எழுத்து மாத்தாத. வெரசா."
வெரசா எனக்கு வராது. இந்த நோட்டை மூடினால்தான் அந்தத் தாளைத் தொட முடியும்.