ஆட்சேபணைக்கு நாலு மாதம்

12-3-1976
ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இன்றும் ரவிச்சந்திரன், தோல்பையும் சிரிப்புமாக. மருந்து கம்பெனி ரெப் என்றால் இப்படித்தான். "எங்க காய்ச்சல் மாத்திரைக்கு எவ்வளவு அழகான பேரு! நீங்க பாராசிட்டமால்னே எழுதறீங்களே?" என்றார். அந்த அழகு உங்க முதலாளி சொத்து, பாராசிட்டமால் உலகத்துக்கே பொது என்றேன். மூஞ்சியைப் பார்க்கணுமே!

19-3
பொதுப் பேரை யார் வைக்கிறார்கள் என்று கேட்டார். ஜெனீவாவில், உலக சுகாதார நிறுவனத்தில், நிபுணர்கள் கூடி. ஒரே வகை மருந்துகளின் பேருக்கு ஒரே வால் — ஆம்பிசிலின், க்ளாக்சாசிலின். பேரை அச்சடித்து, ஆட்சேபணை சொல்ல நாலு மாதம் விடுவார்கள். யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்புறம்தான் பேர் நிலைக்கும். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். ஜாஸ்தி பேசிவிட்டேனோ?

2-4
கேட்டேவிட்டார்! கல்யாணம்! க்யூவில் ஆள் நிற்கும்போதா? பதறிப்போய், "ஆட்சேபணைக்கு நாலு மாசம் விடணும்" என்று உளறிவிட்டேன். "சரிங்க" என்று போய்விட்டார். ஐயோ, நிஜமாகவே எடுத்துக்கொண்டாரா?

3-4
அம்மாவிடம் சொன்னேன். மீன்கூடையைக்கூட இறக்கவில்லை. "இன்னாடி, ஊரூரா சுத்தறவனா?" முதல் ஆட்சேபணை.

9-5
வருகிறார், சாம்பிள் தருகிறார், போகிறார். வேறு பேச்சே இல்லை. இவ்வளவு ஒழுங்கை யார் கேட்டது?

18-6
அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்ததும் வராததுமாக, "உன் ஆளை மதுரைக்கு மாத்திட்டாங்களாம். இன்னிக்கே கெளம்பறானாம்" என்றாள். என்னிடம் சொல்லாமலா? அழுகை வந்துவிட்டது.

"ரெண்டு மாசமா தெனம் என்கிட்டயே மீனு வாங்கினுகீறான். ஒண்டிக்கட்ட, ஆக்கவும் தெரியாது. பக்கத்து வூட்டுக்குக் குடுத்துடறானாம்! நல்ல புள்ளடி. இங்க குந்திகினு அழாத. செங்கல்பட்டு பஸ்ஸு வந்துகினு கீது, ஓடு."

ஓடினேன். செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனில் பெட்டியோடு நின்றார். "நாலு மாசம் முடியலையே, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான்..." என்று இழுக்கிறார்! வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஜனம் வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். அப்புறம் சம்மதம் என்றேன். பெட்டியைக் காலிலேயே போட்டுக்கொண்டார்.

மதுரை, 2-8
இன்றோடு நாலு மாதம். கல்யாணமாகி மூன்று வாரம். "சாயங்காலம் வரைக்கும் ஆட்சேபணை சொல்லலாம், யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார் இவர்.

இவர் குறட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.