கடைசிச் சொல் குடும்பப் பெயர்

மே 3, சனி
காலையிலிருந்து மழை. கொமுட்டர் ரயில் தாமதம். பிரிக்பீல்ட்ஸ் கணினி வகுப்புக்குள் நனைந்துபோய் நுழைந்தேன். உள்ளே ஏர்கோன் வேறு.

இன்று லூப். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. காப்புறுதி ஆபீஸ் கிளைம் பிரிவில் இத்தனை வருடம் நான் செய்ததும் அதுதான். அந்தப் பிரிவை மூடுகிறார்கள். கிளைம்களை இனி இயந்திரமே படிக்குமாம். மாதக் கடைசித் தேர்வில் தேறினால் புதிய டேட்டா குழுவில் இடம். இல்லையென்றால் வீட்டுக்கு.

முதலில் பைத்தன் என்ற கணினி மொழி, பிறகு மெஷின் லேர்னிங். அந்தப் 'பிறகு' எனக்கு வரும் என்று தோன்றவில்லை.

சில வரிகள் எழுதினேன். ஓடவில்லை. ஆசிரியை சாலினி எட்டிப் பார்த்து, "அக்கா, வரிக் கடைசியில கோலன் விட்டுட்டீங்க லா. எல்லாரும் விடுவாங்க."

எல்லாரும் விடவில்லை. பார்த்தேன்.

மே 7, புதன்
ஆபீஸ் பேன்ட்ரி. பக்கத்து மேசைப் பார்வதி பயிற்சியிலிருந்து பெயரை எடுத்துவிட்டாளாம். "மெஷினுக்கு நாமளே சொல்லிக் கொடுக்கணும், அது நம்மள வெளிய அனுப்பும். போடி. நான் நாசி லெமாக் விக்கப் போறேன்."

"உனக்குச் சமைக்கவே வராதே."

"உனக்கு மட்டும் கம்ப்யூட்டர் வருதாக்கும்."

சிரித்தேன். பிறகு கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

வாங்க: வெங்காயம், கண் சொட்டு மருந்து.

மே 10, சனி
வெயில். பயிற்சி: பெயர்ப் பட்டியலில் ஒரே குடும்பத்தாரைச் சேர்த்துக் காட்ட வேண்டும். பாடத்தில் சொன்னபடி, கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எழுதினேன். முதல் தடவையே ஓடியது. சாலினி கை தட்டினாள்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து எங்கள் வீட்டுப் பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். நான் கோமதி ஏ/பி ஆறுமுகம், அதாவது ஆறுமுகத்தின் மகள். கணவர் குணா ஏ/எல் முனியாண்டி, முனியாண்டியின் மகன். மகள் தாரணி ஏ/பி குணா. மூன்று பேர், மூன்று குடும்பம் என்றது.

கவுன்டரில் 'மிஸஸ் ஆறுமுகம்' என்று கூப்பிடும்போதெல்லாம், "அது எங்கப்பா பேரு" என்று திருத்துகிறவள் நான். எழுதும்போது தோன்றவே இல்லை. மலாய்க்காரர்களுக்கும் அப்பா பெயர்தான் பின்னால். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால். இந்த நாட்டில் இது யாருக்குத்தான் பொருந்தும்? நான் பட்டதாரி வேறு. வெட்கம்.

மே 15, வியாழன்
திருத்திவிட்டேன். ஏ/பி, ஏ/எல், மலாய்ப் பெயரில் பின், பிந்தி வந்தால் அடுத்தது அப்பா பெயர். அப்பாவைத் தேடு. கிடைக்காவிட்டால் முகவரியைப் பார். வாரத்தின் மாலைகளெல்லாம் இதற்கே. குணா: "இன்னும் முடியலையா? சோறு ஆறுது."

முடிந்தது. மூவரும் ஒரே குடும்பம். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மற்ற பாடங்கள்? ஃபங்ஷன் அரைகுறை. டிக்‌ஷனரி பாடத்தைத் தொடவே இல்லை.

மே 24, சனி
தேர்வு. திருத்துவதும் இயந்திரம். நடுவில் அதே குடும்பக் கேள்வி. என் முறையில் எழுதினேன். சிவப்பு. சரிபார்த்து மறுபடி. சிவப்பு. கையைத் தூக்கினேன்.

சாலினி குனிந்து, மெதுவாக: "நீங்க எழுதினதுதான்கா சரி. ஆனா மார்க் போடுறது நான் இல்லையே. அது கேக்குறத எழுதிட்டுப் போயிடுங்க, ப்ளீஸ்."

பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கடைசிச் சொல்லை எடுக்கும் அந்த ஒற்றை வரியைப் போட்டேன். பச்சை.

அதற்குள் நேரம் போய்விட்டது. கடைசிக் கேள்விகளைத் திறக்கவே இல்லை. பிடிவாதமாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை.

மே 28, புதன்
புழுக்கம். தேறவில்லை.

மனிதவளப் பிரிவுப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சோரி லா மேடம். அடுத்த பேட்ச் இருக்கான்னு கேட்டுப் பாக்குறேன்." இருக்காது. இருவருக்கும் தெரியும்.

புதிய முறை குடும்பங்களை எப்படிச் சேர்க்கும் என்று கேட்டேன்.

"அதெல்லாம் சிஸ்டம் செஞ்சு கொடுக்கிற வெண்டர் பாத்துக்குவாங்க மேடம்."

வீட்டில் குணா முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "சரி விடு. மேகி போடவா?"

"போடுங்க."

ஆபீஸ் லேப்டாப்பை வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் எழுதியதெல்லாம் அதற்குள்தான். தட்டு வைக்க இடம் வேண்டுமென்று குணா அதை மூடி ஓரமாக நகர்த்தினார். நகல் எடுக்கவில்லை.