வெட்டாமல் வைத்திருந்த குப்பி

இன்று காலை ரெசின் கலக்கும்போது அதன் வாடை மூக்கில் ஏறியது. வழக்கமாக நீதான் ஜன்னலைத் திறந்துவிட்டு என்னைத் திட்டுவாய். நானே போய்த் திறந்தேன். மல்லேஸ்வரம் பக்கம் மழை பிடித்திருந்தது. அழுகை வருமா என்று சற்று நின்று பார்த்தேன். வரவில்லை. நீ போனதிலிருந்து இப்படித்தான். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, வேறெதுவும் வருவதில்லை.

வெட்டுவதற்குத் தோதாக ரெசின் பிசினில் பதிக்க எடுத்தது உன் கடைசிக் குப்பி. நெல்மணி அளவுள்ள அந்த பிளாட்டினம் குப்பிக்குள் பாறைத்தூளும் ஃபுளூரைடும் சேர்த்து அடைத்து, உலையில் உருக்கினோம். எரிமலைக்குக் கீழே பாறைக்குழம்பு சில சமயம் சிலிகேட் தனி, ஃபுளூரைடு தனி என்று இரண்டு திரவங்களாகப் பிரியும். அதில் நமக்குள் தகராறு இல்லை. தகராறெல்லாம் நம் குப்பிகளில் தெரிந்த பொடித் துளிகளைப் பற்றித்தான். உலையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போடும்போது, திடீர்க் குளிர்ச்சியில் உண்டானவை என்றேன் நான். சூட்டிலேயே பிரிந்தவை என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய்.

"நாலு நாள் உலையிலயே விடு. நெசமா பிரிஞ்சிருந்தா கனமானது அடியில போய் ஒண்ணா சேந்துடும்," என்றாய். எது அடி, எது தலை என்று பிறகு குழம்பக் கூடாதென்று, குப்பியின் மேல்முனையில் ஊசியால் ஒரு கோடு கீறினாய். ஊறுகாய் ஜாடிக்கும் இப்படித்தான் கீறுவாயா என்று கேலி செய்தேன்.

குப்பியை உலையில் இறக்கிய மறுநாள் உனக்குக் காய்ச்சல். ரயிலேறித் தங்கவயலுக்கு, அம்மாவிடம் போய்விட்டாய். அங்கிருந்து போனில் சொன்னாய்: "நான் வர்ற வரைக்கும் வெட்டாதடி. சேந்து பாக்கலாம்."

டெங்கு என்றார்கள். நீ சொன்ன நாளில் குப்பியை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அந்த வாரமே உன் வீட்டு வாசலில் நின்றேன். யாரோ காபி கொடுத்தார்கள், குடித்தேன். குப்பி என் மேஜை டிராயரிலேயே கிடந்தது. நம் பேராசிரியர் கேட்டபோதெல்லாம் ஏதோ சாக்குச் சொன்னேன். வெட்டிவிட்டால் நீ வரமாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

இப்போது உலையை வேறு குழுவுக்குக் கொடுக்கிறார்கள். மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல், மதியம் ரெசின் இறுகியதும் நெடுக்கே வெட்டி, மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தேன். நீ கீறிய முனையில் சிலிகேட் உறைந்த வெறும் கண்ணாடி. எதிர்முனையில், அடியில், ஃபுளூரைடு முழுக்க ஒன்றாகத் திரண்டு பளிச்சென்று தெரிந்தது. தோற்றால் எனக்கு மூக்கின்மேல் கோபம் வருமே, உனக்குத் தெரியும். இன்று அதுவும் வரவில்லை. படத்தைச் சேமித்துவிட்டுக் கை கழுவினேன்.

சாயங்காலம் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். உங்கள் மகள் சொன்னதுதான் சரியாக வந்திருக்கிறது, நான் சொன்னது தப்பு என்றேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பிறகு எப்போதும் போல, சாதாரணமாகக் கேட்டார்:

"அவகிட்ட சொல்லிட்டியாம்மா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது போல. போனை வைக்காமல் அப்படியே இருந்தார். எனக்கும் வைக்கத் தோன்றவில்லை.

"இல்லம்மா, இனிமேதான் சொல்லணும்," என்றேன்.

அதைத்தான் சொல்கிறேன். நீ சொன்னதுதான் சரி. நீ வரும் வரைக்கும் என்னால் வெட்டாமல் வைத்திருக்க முடியவில்லை.