மூன்று மாதச் சர்க்கரை

மைசூர் மைன்ஸ்,
கே.ஜி.எஃப்.
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

என் மகள் மமதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதிவிட்டால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லாமல் போய்விடும். நீ அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு மேலே போகிறேன். கிளாஸ்கோவில் கோடையிலும் மழை பெய்கிறது என்றாய். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே.

போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? அந்தக் காலத்தில் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடு, இரண்டே அறை. நான் அடுப்பங்கரையில் இருமினால் அப்பா வாசலிலிருந்து தண்ணீர் குடி என்பார். இப்போது பகலெல்லாம் அவர் வீட்டில்தான் இருக்கிறார். அதனால் பள்ளிக்கூட ஆபீசில், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், இதை எழுதுகிறேன்.

அப்பா பிளாட்பாரத்தில் வழுக்கி விழுந்தார், புருவத்தில் தையல் என்று உன்னிடம் சொன்னோம். தையல் உண்மை. வழுக்கியது பொய்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் காலை உங்கள் ஆராய்ச்சிக்காரர்கள் சர்ச் ஹாலுக்கு வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுப்பதாக இருந்தது. அப்பா வழக்கம்போல விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி ஒயிட்ஃபீல்டு ஃபேக்டரிக்குப் போனார். திரும்பி வரும்போது பங்காரபேட்டைக்கு முன்னால் அவருக்குச் சட்டையெல்லாம் நனைகிற மாதிரி வேர்த்திருக்கிறது. பக்கத்தில் இருந்த நம் லைன் ஸ்டீவனிடம் சம்பந்தம் இல்லாமல் ஏதோ பேசினாராம். ‘சரத்தண்ணே, இன்னா ஆச்சு உங்களுக்கு’ என்று ஸ்டீவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சீட்டு முனையில் முகம் இடித்து விழுந்துவிட்டார். பங்காரபேட்டையில் இறக்கி ஆட்டோவில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வந்தபோது சர்க்கரை முப்பத்தெட்டுதான் இருந்தது என்று டாக்டர் சொன்னார். அது எவ்வளவு குறைவு என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையிலிருந்து என்ன சாப்பிட்டார் என்று என்னைக் கேட்டார். மதியத்துக்குச் சோறும் கீரையும், ராத்திரிக்குச் சப்பாத்தியும் நானே கட்டிக் கொடுத்தேன் என்றேன். பிறகு அவருடைய பையில் துண்டு தேடினேன். இரண்டு டப்பாவும் மூடி திறக்காமல் அப்படியே இருந்தன. சோறு புளித்து வாடை வந்தது.

வெள்ளிக்கிழமையும் அவர் சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சோற்றையும் சப்பாத்தியையும் ரயிலில் யாருக்கோ கொடுத்துவிட்டு, வீட்டில் சாப்பிட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் பட்டினி. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் அந்த மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் கோபமாகவே சொன்னார். அவர் கோபப்பட்டது நல்லதாகப் போயிற்று. எனக்குக் கோபப்படத் தெம்பு இல்லை.

மமதா, போன மாதம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். ‘அம்மா, எல்லாருக்கும் காலைல எடுக்கிற சர்க்கரை நல்லாருக்கு. எடை கூடக் குறையுது. ஆனா மூணு மாத சராசரி சர்க்கரை மட்டும் ஏறிக்கினே போகுது. எங்க மெஷின்ல தப்பா, கணக்குல தப்பான்னு தலை சுத்துது’ என்றாய். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டேன். மெஷினில் தப்பு இல்லை, கண்ணு. கணக்கிலும் தப்பு இல்லை.

நீ அந்த மெட்டபாலிக் சிண்ட்ரோமைப் பற்றி நம் லைனில் வந்து விளக்கிச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, இரண்டு வகைக் கொழுப்பு. ஐந்தில் மூன்று கெட்டால் மாரடைப்புக்கு வாசல் திறந்த மாதிரி என்றாய். தினமும் பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்கள் வீடு வந்து நடு ராத்திரியில் சாப்பிட்டு அப்படியே படுப்பதால்தான் இது வருகிறதா, ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்காலமே ரயிலில் முடித்துவிட்டால் குறையுமா என்று பார்க்கத்தானே இந்த ஆராய்ச்சி. எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவோடு ரயிலில் போகும் வால்டர் அண்ணன்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

நடந்தது என்ன தெரியுமா? சாயங்காலம் ரயிலில் சப்பாத்தி சாப்பிடுவார்கள். உண்மைதான். அப்புறம் வீட்டுக்கு வந்து, பசிக்குது என்று சோறும் சாப்பிடுவார்கள். முன்பு ஒரு வேளை, இப்போது இரண்டு வேளை. நம் லைனில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ரத்தம் எடுக்கும் நாள் நெருங்கியதும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஆரம்பிப்பார்கள். சோறு இல்லை, டீயில் சர்க்கரை இல்லை, மைதானத்தில் ஓட்டம். இரண்டு நாள் பட்டினியில் காலைச் சர்க்கரை இறங்கும், மூன்று மாதக் கணக்கு எப்படி இறங்கும்? ‘நம்ப மமதா பொண்ணு படிப்பு இதுலதான் கீது, நம்பளால அது ஃபெயில் ஆவக் கூடாது’ என்று வால்டர் அண்ணன் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போவார். இடுப்பு அளக்கும்போது எப்படி மூச்சை இழுத்துப் பிடிப்பது என்றுகூடப் பேசிக்கொள்வார்கள். நான் சிரித்திருக்கிறேன். அப்பா மாத்திரையோடு பட்டினி கிடப்பார் என்று நினைக்கவில்லை.

மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘நாளைக்குக் காலைல ஹாலுக்குப் போவ முடியுமா?’

எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று நானும் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ‘அவ அவ்ளோ தூரத்துல தனியா உக்காந்து நம்ப நம்பரத்தான் பாத்துகினு கீறா. கெட்ட நம்பர் போனா அவ மனசு இன்னா ஆவும்?’ மகளே, உனக்கு அங்கே வருவது நம்பர்தான், பெயர் வராது என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். அவருக்கு அது ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் உனக்கு மார்க் ஷீட் அனுப்புவதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதைச் சொன்னால் உன் படிப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் அடுத்த தடவை வேறு யாராவது விழுவார்கள். பொழுதெல்லாம் இதையே நினைத்து அலுத்துப் போய்த்தான் எழுதுகிறேன். அப்பாவைத் திட்டாதே. நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே, முடிந்தால். வேளைக்குச் சாப்பிடு.

உன் நன்மையைத் தவிர வேறொன்றும் நினைக்காத
அம்மா, நளினி

* * *

மைசூர் மைன்ஸ்,
கே.ஜி.எஃப்.
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை

மகள் மமதாவுக்கு அம்மாவின் ஆசிகள்.

உன் கடிதம் வந்தது. இரண்டு இடத்தில் மை கலைந்திருந்தது. மழையில் நனைந்ததாக நினைத்துக்கொள்கிறேன். இரண்டு வருட வேலை வீண் இல்லை, கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்று உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பெரிய டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்கு முழுதாகப் புரியவில்லை. அவர் உன்னைத் திட்டவில்லை என்ற வரையில் புரிந்தது. அது போதும்.

நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. மறைக்க முடியாதுதான். உங்கள் ஆராய்ச்சிக் குழு அனுப்பிய ஷில்பா வீட்டுக்கே வந்தாள். நல்ல பெண், கன்னடமும் தமிழும் கலந்து மெதுவாகப் பேசினாள். இனிமேல் நாள் சொல்லாமல்தான் அளக்க வருவோம், யாரும் பட்டினி கிடக்க வேண்டாம் என்றாள். கடைசியில் தயங்கித் தயங்கி, ‘அங்கிள், மேடம் உங்க மகள் ஆனதால, உங்க பேரை ஸ்டடியிலேர்ந்து எடுத்துட்டாங்க. முதல்லயே எடுத்திருக்கணும்’ என்றாள். அப்பா சரிம்மா என்று மட்டும் சொல்லி அவளுக்கு டீ போடச் சொன்னார்.

அவள் போன பிறகு என்னோடு பேசவில்லை. ஒரு வாரத்துக்கு மேல். நான் தட்டு வைத்தால் சாப்பிடுவார், டப்பா கட்டினால் எடுத்துப் போவார், சண்டை என்று ஒன்றும் இல்லை. படுக்கும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு நாள் வால்டர் அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தபோது, ‘என் பொண்ணு படிப்புல நான் இல்லியாம்பா’ என்று அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நீ பேரை எடுத்தது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

லைனில் முதலில் எல்லோருக்கும் என் மேல் வருத்தம்தான். உனக்காகச் செய்ததை நான் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று. தங்கம்மா குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஷில்பா ஒரு மாலை சொல்லாமல் வந்து ஹாலைத் திறந்து, எல்லோரையும் உட்கார வைத்து, யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை, உண்மையாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். முதலில் வால்டர் அண்ணன்தான் எழுந்தாராம். ‘எழுதிக்கோம்மா. ரயில்ல நாலு சப்பாத்தி. வூட்ல ரெண்டு தட்டு சோறு. சனிக்கிழமை அதுக்கு மேல ஒரு குவார்ட்டரு.’ அவர் மனைவி லூயிசா அங்கேயே இருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்களாம். ஹாலில் ஒரே சிரிப்பு என்று ஸ்டீவன் சொன்னான். இப்படி எல்லோரும் பேசிச் சிரித்துப் பல நாள் ஆயிற்று என்றும் சொன்னான்.

போன ஞாயிறு அளப்பு நடந்தது. பேர் இல்லாத மனிதரும் போய் வரிசையில் நின்றிருக்கிறார். ஷில்பாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, ‘இது ஸ்டடிக்கு இல்ல அங்கிள், உங்களுக்கு’ என்று சொல்லி அளந்திருக்கிறாள். வயிற்றை இழுக்கவே இல்லை என்று அப்பா என்னிடம் சொன்னார். ஆமாம், பேசிவிட்டார். அன்று காலை வீட்டுக்கு வந்து, நாலு இட்லி வைக்கச் சொல்லி, அந்தத் தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘எல்லாமே மோசமா கீது நளினி’ என்றார். சொல்லிவிட்டு மதியம் வரை தூங்கினார். பயம் விட்டுப் போனவர் தூங்குகிற தூக்கம். மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது வீட்டுக்கு வந்ததும் மோர் மட்டும் குடிக்கிறார். முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குடித்தார். இப்போது பழகிவிட்டது.

இனி ஒரு விஷயம். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஷில்பா அடுத்த நாள் அப்பாவின் அழுத்தத்தைத் திரும்பப் பார்க்க வந்தாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று, ‘ஆன்ட்டி, உங்களுக்கும் பாக்கட்டுமா’ என்றாள். நான் ரயிலில் போகிறவள் இல்லையே, என்னை எதற்கு என்றேன். கையை நீட்டச் சொல்லிவிட்டாள். ஒரு முறை பார்த்தாள். மெஷினைக் கழற்றி மாட்டித் திரும்பவும் பார்த்தாள். டேப்பைச் சுற்றினாள். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். முடிவு வந்திருக்கிறது. நீ சொன்ன அந்த ஐந்தில் எனக்கு நான்கு.

விடியுமுன் ரயில் ஏறுகிறவருக்கு அதற்கு முன்னால் ஒருத்தி எழுந்து சமைக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சம் வீணாகக் கூடாது என்று அவள் உட்கார வேண்டியிருக்கிறது. அதன் பிறகு பாத்திரம். நான் குறையாகச் சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் இப்படித்தான். லூயிசாவுக்கும் தங்கம்மாவுக்கும் பார்த்துவிடு என்று ஷில்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களை எந்த ஸ்டடியில் சேர்ப்பது என்று உங்கள் பெரியவர்கள் முடிவு செய்யட்டும்.

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். சாப்பிட்டுத்தான் போடுகிறேன், பயப்படாதே. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதுதான் அவர் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்திருக்கிறார். அடுத்த வாரம் சொல்வேன்.

லீவு கிடைக்குமா கண்ணு? ஆராய்ச்சிக்காக வேண்டாம். டேப், மெஷின் ஒன்றும் எடுத்து வராதே. ஒரு வாரம் வந்து இருந்தால் போதும். அந்த ஒரு வாரம் விடியற்காலையில் நீ எழுந்து அப்பாவுக்கு டப்பா கட்டிக் கொடு. குழம்பு எப்படி வைத்தாலும் சாப்பிட்டுவிடுவார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். வெயில் வரும் வரைக்கும் தூங்குகிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு, உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா