கடல் சாமந்திக்கு நல்ல தண்ணீர்

மார்ச் 11, செவ்வாய்

மருமகள் செல்வி இன்று பூப்போல விரியும் உயிரான கடல் சாமந்தியை நான் வளர்க்கும் உப்புநீர் மீன்தொட்டியில் கடல் தண்ணீரை ஊற்றிவிட்டாள், அதுவும் தெரிந்தே. வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டும், உப்பு வற்றாது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டால், "கடல் பூவுக்குக் கடல் தண்ணிதானே மாமா நல்ல தண்ணி?" என்று சிரிக்கிறாள். எங்கள் லம்பா லைன் பகுதியில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். எனக்கு ஒரு சொம்பு தர மனமில்லை, அதுதான் விஷயம். "ஜானே தோ பா, விட்டுடுங்க, தெரியாம செஞ்சிட்டா" என்கிறான் மகன். அவனும் கூட்டோ என்னவோ. உப்பு ஏறி, கடல் சாமந்தி சுருங்கி வாய் பிளந்து கிடக்கிறது.

காலையில் மகன் தொட்டியிலிருந்து ஒரு வாளி உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செல்வி தொட்டிப் பக்கமே வரக் கூடாது. தண்ணீருக்கு நான் குளிக்காமல் இருந்துகொள்கிறேன். நான் குளிக்கப் பிடித்து வைத்த வாளியை யாரும் தொடக் கூடாது.