சென்னியம்மாள் சுற்றிய மோட்டார்கள்

பீளமேடு,
4.1.1996

அன்புள்ள அக்காளுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் மோட்டார் கம்பெனிக்கு இந்தத் தையோடு நாற்பது வருஷம். மகன் பாலகோபால் கம்பெனி வரலாற்றைப் புத்தகமாகப் போட்டிருக்கிறான். ஒன்று அனுப்பியிருக்கிறேன். 28ஆம் தேதி விழா. அவசியம் வர வேண்டும்.

உங்கள் தம்பி,
பாலுசாமி

காங்கேயம்,
12.1.1996

தம்பி பாலுசாமிக்கு,

புத்தகத்தை இரண்டு தரம் படித்தேன். அப்பா இருக்கிறார், நீ இருக்கிறாய். நான் எந்தப் பக்கத்திலும் இல்லை.

என் வீட்டுக்காரர் தவறி, நான் நம் வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம் அப்பா ஒரு கருகிய மோட்டாரை வாங்கி வந்தார். அதன் காயிலில் இருந்த செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிப் பிரித்து, திரும்பச் சுற்றக் கற்றுக்கொண்டது நான். நம் முதல் மோட்டாரைக் கிணத்துக்கடவில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மாட்டித் தண்ணீர் வந்ததும், தோட்டக்காரர் வீடு தேடி வந்து, "காயில் கட்டுனது யாருங்க?" என்றார். "பையன்தானுங்க" என்றார் அப்பா. கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

பதினோரு வருஷம் சுற்றினேன். பிறகு, "ஆளுக வந்துட்டாங்க, இனி நீ எதுக்கு?" என்று அப்பா என்னை இங்கே, என் வீட்டுக்காரர் விட்டுப்போன வீட்டில், கொண்டுவந்து விட்டார். அன்றும் நீ பேசவில்லை.

அக்காள்,
சென்னியம்மாள்

பீளமேடு,
19.1.1996

அக்கா,

மறைக்க மாட்டேன். "அத்தை என்னப்பா செஞ்சாங்க?" என்று பாலகோபால் கேட்டான். "சமையலுக்கு ஒத்தாசையா இருந்தாங்க"ன்னு சொல்லிப்போட்டேன். முதல் மோட்டாரைச் சுற்றியது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. இந்த வயதில் மகன் முகத்தைப் பார்த்து எப்படி மாற்றிச் சொல்வேன்? என்னை மன்னித்துவிடுங்கள்.

28ஆம் தேதி காலையில் கார் வரும். முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறேன்.

பாலுசாமி

காங்கேயம்,
30.1.1996

தம்பிக்கு,

கார் வந்தது. புதுச்சேலை கட்டி, வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். உள்ளே டிரைவர் யாகூப் மட்டும்தான். "ஐயா வரலீங்களா?" என்றேன். "வேலை இருக்குதுங்கம்மா, உங்களக் கூட்டியாரச் சொன்னாங்க" என்றார். நீயே வருவாய் என்று நினைத்துவிட்டேன். அவருக்குக் காப்பி கொடுத்து, வெறும் காரைத் திருப்பி அனுப்பினேன்.

இருபத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். நீ ஒரு தரம்கூட வந்ததில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான்.

இனிக் கடிதம் வேண்டாம். கடிதத்தில் எனக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறாய். அதோடு உன் மனசு ஆறிவிடுகிறது.

சென்னியம்மாள்